சூறாவளிச் சூரனின் ஆறாவது விரல்

எங்கள் வீட்டில் கை கழுவாமல் யாரும் எதையும் தொடுவதில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். இங்கே வந்ததும் முதலில் சோப்பு எங்கே என்றுதான் கேட்டேன். உங்கள் காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சுத்தமாக இருப்பவனைச் சந்தேகப்படுவது என்ன நியாயமோ தெரியவில்லை, ஐயா.

நான் பழைய காமிக்ஸ் சேகரிப்பவன். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை, வளையாமலிருக்கப் பின்னால் ஓர் அட்டை. இருப்பது ஒரே ஒரு ஏசி, அது புத்தக அறையில் பதினெட்டு டிகிரியில் ஓடுகிறது. என் மனைவி மின்விசிறிக்குக் கீழே தூங்கிப் பழகிவிட்டாள். மஞ்சளாகிப் போகும் பிரச்சினை அவளுக்கு இல்லையே.

சூறாவளிச் சூரன் முதல் இதழைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. பதினான்காம் பக்கத்தில் சூரன் பாய்ந்து வரும் ரயிலை இடது கையால் நிறுத்துவான். அந்தக் கையில் ஆறு விரல். இரண்டே நாளில் நாற்பது பக்கம் வரைந்து கொடுத்த அவசரத்தில் ஓவியருக்கு நேர்ந்த பிழை. அச்சகத்தில் யாரோ கவனித்து, இயந்திரத்தை நிறுத்தி, விரலைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை அடித்தார்கள். அதற்குள் கடைக்குப் போய்விட்ட ஆறுவிரல் பிரதிகளில் கடைசியில் மிஞ்சியிருந்தவை பதினொன்று. திருத்திய பிரதியை யாரும் சீண்டுவதில்லை. ஆறுவிரல் பிரதி வைத்திருந்தால் சேகரிப்பாளர் கூட்டத்தில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். எனக்கும் போட்டார்கள். இன்னும் பத்துப் பேருக்கும் போட்டார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓவியருக்கு எழுபத்தெட்டு வயது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தார். என் பிரதியைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று போனேன். உறைக்குள்ளிருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நாலாயிரம் பக்கம் வரைஞ்சிருக்கேன் தம்பி. கடல் வரைஞ்சேன், குதிரைப்படை வரைஞ்சேன், ஒரே பக்கத்துல முந்நூறு பேர் நிக்கிற சந்தை வரைஞ்சேன். ஒருத்தனாவது அதைப் பத்திக் கேட்டிருக்கானா? வர்றவன் எல்லாம் விரலைத்தான் கேக்குறான். நாளைக்கு நான் போனாலும், ஆறு விரல் வரைஞ்ச ஆளு போயிட்டான்னுதான் சொல்லுவாங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஈரம் படாமலிருக்க நான் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன்.

"ஒவ்வொண்ணையும் அரை நிமிஷம் கையில குடுத்தாப் போதும். வெள்ளை மை, கறுப்பு மை, முடிஞ்சுது. நிம்மதியாப் போய்ச் சேருவேன்" என்றார்.

அந்த மனிதரின் துக்கத்தைத் தீர்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது. தீர்த்தால் பத்துப் பிரதிகள் குறையும் என்பது அதற்குப் பிறகு தோன்றியது. இந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் காரிலேயே அவரை அழைத்துப் போனேன். தலைசிறந்த ஓவியர் தன் படைப்பைக் கடைசியாக ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது? புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைப்பார்கள். நான் உடனே கழிப்பறை எங்கே என்பேன், குழாய் சரியாக மூடவில்லை என்பேன், வீட்டுக்காரரை எப்படியாவது உள்ளே இழுத்துப் போவேன். திரும்பி வரும்போது சூரனுக்கு ஐந்து விரல் இருக்கும். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், விஷயம் தெரிந்ததும் குழந்தை மாதிரி தேம்பினார். தோளில் சாய்த்து நானும் கூடவே அழுதேன். அந்த அழுகை உண்மையானதல்ல. ஒப்புதல் என்று வந்துவிட்ட பிறகு இதை மறைப்பானேன்?

பத்தாவது வீட்டிலிருந்து திரும்பும்போது ஓவியர் காரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் இறங்கியதும், "இன்னும் ஒண்ணுதான் தம்பி பாக்கி. கொண்டாங்க" என்றார்.

"அது இருக்கட்டும் சார், நினைவுக்கு" என்றேன்.

"பதினொண்ணுல ஒண்ணா இருந்தப்பவே இந்தப் பேச்சு பேசினாங்க. ஒரே ஒண்ணுன்னு ஆயிட்டா கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காட்டுவாங்களே. குடுக்கற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல உச்சி வெயில். அவ்வளவு மதிப்புள்ள ஒருவர் நேர் வெயிலில் கிடந்து வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தச் சேகரிப்பாளனுக்கும் மனசு வராது. ஆகவே அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்ப் புத்தக அறையில் உட்காரவைத்தேன். ஆறுவிரல் பிரதியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டேன். தூசி போகக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன். சாத்திய கதவு திறந்துகொள்ளக் கூடாதே என்று பூட்டினேன்.

நான்கு நாள் அவர் அங்கே இருந்தார். கடத்தல் என்று நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் கடுமையான சொல். வேளாவேளைக்கு உலர்ந்த ரொட்டி கொடுத்தேன், எண்ணெய்ப் பண்டம் பக்கங்களுக்கு ஆகாது. தண்ணீர் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பதால், கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டச் சொல்லி ஸ்ட்ராவில் குடிக்கவைத்தேன். கழிப்பறைக்கு நானே கையைப் பிடித்து அழைத்துப் போய்வந்தேன். கம்பளி நார் உதிரும், அதனால் போர்வை தரவில்லை. அதற்குப் பதிலாகப் பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று ஒட்டிக் கொடுத்தேன். தலைக்குத் திறப்பு விட்டுத்தான் ஒட்டினேன். ஒவ்வொரு காலையும் அவருடைய நிலையை நோட்டில் குறித்தேன்: முதுகு லேசான வளைவு, ஓரங்களில் தேய்மானம், நிறம் பரவாயில்லை. மூன்றாம் நாள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதையும் குறித்திருக்கிறேன்.

"ஏங்க, உள்ள அவர் நடுங்குறாருங்க. அவர் மனுஷங்க" என்றாள் மனைவி.

"அதான் இருபதுல வெச்சிருக்கேன்ல?" என்றேன். அறுநூற்றுப் பதினொரு புத்தகங்களின் ஆயுளைப் பணயம் வைத்து அவருக்காக இரண்டு டிகிரி கூட்டியதை யாரும் பாராட்டவில்லை.

முதல் நாள் கதவைத் தட்டிக் கத்தினார். இரண்டாம் நாளிலிருந்து சத்தமே இல்லை. பழகிவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

நான்காம் நாள் நான் அலுவலகம் போயிருந்தபோது மனைவி உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வந்து பார்த்தால் கூடத்தில் செருப்புக் காலோடு நீங்கள் எல்லோரும். நடுவில் போர்வைக்குள் ஓவியர், கையில் சூடாகத் தேநீர். விரல் முழுக்கக் கறுப்பு மை. பத்து வீட்டுக்கும் கொண்டுவந்த மைப்புட்டியை அவர் சட்டைப் பையிலிருந்து வாங்கிவைக்க மறந்திருக்கிறேன்.

"முடிச்சுட்டேன் தம்பி. இனிமே அந்த ஒரு விரலைப் பத்தி எவனும் பேச மாட்டான்" என்றார். குரல் நடுங்கினாலும் முகத்தில் சிரிப்பு.

ஓடிப்போய்ப் புத்தகங்களைப் பிரித்தேன். பறக்கிறவன், மறைகிறவன், முகமூடி போட்டவன், வில்லன், வில்லனின் அம்மா, எல்லோருக்கும் ஆறு விரல். யார் வரைந்த புத்தகம் என்றுகூடப் பார்க்கவில்லை மனிதர். ஒரு குதிரைக்கு ஐந்து கால். பழைய கோடு எது, புதிய கோடு எது என்று பூதக்கண்ணாடி வைத்தும் சொல்ல முடியாது. அவ்வளவு நேர்த்தி. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பத்து வீட்டுப் புத்தகங்கள் கெட்டதற்கு நான்தான் காரணம். எழுபத்தெட்டு வயதுக்காரரைக் குளிரில் நான்கு நாள் பூட்டிவைத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. மருத்துவமனையில் அவரிடம் என்மீது புகார் எழுதி வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். என் பெயர் முழுதாக வரும், கீழே அவர் கைப்பட ஒப்பமிடுவார். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கப்போகிறது. தயவுசெய்து அதை மட்டும் மடிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.