வலைக்குள் மூன்று ஆப்பிள் கன்றுகள்

ஆப்பிள் கன்று நட இலையுதிர்காலம்தான் ஏற்றது. வருகிற கோடையில் சில்வண்டு வரும், ஒரு வருடம் பொறுங்கள் என்று நாற்றுப்பண்ணைக்காரர் சொல்லத்தான் செய்தார். என் மனைவி ரூத்தானுக்குப் பொறுக்க நாளில்லை. போன வருடம் வெட்டிய மேப்பிள் மரம் நின்ற இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று கன்றுகளை நட்டாள்.

"இதுங்கள மட்டும் காப்பாத்திடு, ஓர்வில்" என்றாள். ஜனவரியில் போய்விட்டாள். அவள் விட்டுப்போனது அந்த மூன்றும்தான்.

இண்டியானாவில் எங்கள் பக்கம் பதினேழு வருடத்துக்கு ஒருமுறை சில்வண்டு மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும். பெரிய மரம் தாங்கிவிடும். கன்றின் இளங்கிளையைக் கீறி முட்டையிட்டால் கன்று போச்சு. ஏப்ரலிலேயே வலை போர்த்தி, ஓரங்களைத் தரையோடு முளையடித்து, மேலே செங்கல் அடுக்கினேன்.

பக்கத்து வீட்டு க்ளென் டார்ப்லி வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். முப்பது வருடப் பழக்கம், எதற்கெடுத்தாலும் கிண்டல்.

"பூச்சிக்குப் பந்தல் போட்டு வெச்சிருக்கியேப்பா. பதினேழு வருசமா மேப்பிள் வேர்ச்சாறு குடிச்சு வளந்த பூச்சியெல்லாம் வலைக்கு அடியிலதான இருக்கு? வலையைத் தண்டோட சேத்துக் கட்டு."

வெட்டிய மரத்தின் வேரில் என்ன இருக்கப்போகிறது? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மே மாதம் மகளுக்குப் பிரசவம். லூயிவில் போய் மூன்று வாரம் இருந்தேன். தண்ணீர் ஊற்றும்படி க்ளெனிடம்தான் சொன்னேன். வலையை மட்டும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தால், அவன் கன்றடியில் மண்டியிட்டிருந்தான். வலை கிழிந்திருந்தது. கையில் கத்தரிக்கோல், பக்கத்தில் காப்பி டப்பா நிறையச் சில்வண்டு. கிளையெல்லாம் தையல் போட்டதுபோல் கீறல்.

"நேத்து வரைக்கும் தொடலப்பா. ரூத்தான் வெச்சதாச்சே, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல" என்றான், தலையைத் திருப்பாமலே.

மண்வெட்டி வேலியோரம் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அவன் திரும்பி என் பெயரைச் சொன்னான். அதற்கு மட்டும் வருந்துகிறேன். ஒரே அடியில் முடித்திருக்க வேண்டும். இரண்டாவது அடியில் மண்டை பிளந்தது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் போட்டேன். கத்தினானோ என்னவோ, அந்நேரம் ஓங்கிய சில்வண்டு இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. முப்பதடி தள்ளித் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவியும் திரும்பவில்லை.

அவன் கால் வலைமேல் கிடந்தது. நகர்த்திவிட்டுக் கிழிசலைத் தைத்தேன். பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

கன்றடியில் விரல் நுழையும் துளைகளைக் காட்டி, சில்வண்டு வெளியே வந்த வழி என்றார் உங்கள் ஆள். நானும் பார்த்தேன். மண்புழுவாக இருக்கும். டப்பாவில் இருந்தவை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டவையாம். நீங்கள் அவனை அறியமாட்டீர்கள். அந்த டப்பாவில்தான் அவன் அவற்றைக் கொண்டுவந்தான்.