நாற்பத்தொன்றாம் எண்

பவுடர் பூசிய தோலில் எந்தப் பசையும் நிற்காது. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் நான்கு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்த பெரிய உண்மை இதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு. நீங்கள் விசாரிக்க வந்தவர், சிரிக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

நாங்கள் செய்வது மார்பில் ஒட்டும் ஒரு பட்டை. உள்ளங்கை நீளம்தான். இதயத் துடிப்பைப் படித்து எங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு தாறுமாறானால் என் திரையில் சிவப்புக் கட்டம் எழும். அது உண்மையான கோளாறா, பட்டை நழுவியதால் வந்த குப்பையா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கோளாறு என்று அழுத்தினால் ஆம்புலன்ஸ் போகும். நழுவல் என்று அழுத்தினால், நான் சொன்னது சரிதானா என்று இன்னொருவர் மறுபடி பார்ப்பார். ஆரம்பத்தில் விதி அவ்வளவுதான்.

பட்டை அணிய நாற்பது பேர் வந்தார்கள். அதற்குமேல் ஆள் கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றாவதாக என் அக்கா தானாகவே வந்தாள். ஒரு மாரடைப்பு வந்து பிழைத்தவள், ஆய்வுக்குப் பொருத்தமானவள். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள்தான். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு, அதனால் வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவாள்.

ஒருநாள் குளித்து, கழுத்து வரை பவுடர் அப்பிக்கொண்டாள். பட்டை நழுவியது. என் திரையில் சிவப்பு வந்தது. சந்தேகம் இருந்தாலும் கோளாறு என்றே அழுத்தினேன். கூடப் பிறந்தவள் ஆயிற்றே. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போக, தெரு கூடிவிட்டது. மறுநாள் அக்கா நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏன்டி, பவுடர் போட்டது ஒரு குத்தமா? நான் செத்துட்டேன்னு தெருவே நெனச்சிருச்சு. வண்டி அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?"

பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புலி வருது, புலி வருதுன்னு எத்தனை தடவைம்மா கத்துறது? இன்னும் ஒரு வண்டி வீணாப் போனா ஆய்வையே நிறுத்திடுவாங்க."

அன்றே புது விதி எழுதினோம். பட்டை அணிந்தவரை நான் போனில் கேட்டு, நழுவியது உறுதியானால், மறுபார்வை வேண்டாம். நான் எழுதினேன், பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அக்கா கேட்டுத்தான் அந்த விதியே வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவளைச் சமாதானப்படுத்த எங்கள் கருவிப் பொறுப்பாளர் டீ கொடுத்தார். கண்ணாடியின் தடிமனுக்காக அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. "இவங்க சின்ன வயசுலேருந்தே இவ்வளவு படிப்பாளியா?" என்று கேட்டுவைத்தார்.

அக்காவுக்கு அது போதும். "இவளா? கூடப் படிச்சவனைத்தான் கட்டிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. நான்தான் அவங்க அம்மாகிட்டப் போயி, இவளுக்கு அப்பப்ப வலிப்பு வரும்னு சொல்லிட்டு வந்தேன். அதோட அவன் தலைமறைவு. பின்ன, படிப்பு என்னாவறது? இன்னிக்கு எப்படி உக்காந்திருக்கா பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருபத்தாறு வருடம், அவனுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நம்பியிருந்தேன். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என்னிடம் என்ன குறை என்று தேடியிருக்கிறேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அணைத்த கைதான் அடித்திருந்தது, எனக்குத்தான் வலி பிந்தி வந்தது. அன்று அவள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அதை ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெறுப்பு வேறு, வேலை வேறு. இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, நாற்பத்தொன்றாம் எண்ணில் சிவப்பு வந்தது. விதிப்படி போன் செய்தேன்.

"பட்டை சரியா ஒட்டியிருக்காக்கா?"

"ஒட்டித்தான்டி இருக்கு. பவுடர்கூடப் போடல. ஆனா நெஞ்சு படபடங்குது, கண்ணை இருட்டிட்டு வருது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"வேண்டாம்க்கா. பட்டைதான் நழுவியிருக்கு. நல்லா அழுத்திவிட்டுட்டு, பேசாம படுத்துக்கோ."

"அப்படியா? நீ சொன்னா சரி. உனக்குத் தெரியாததா?"

நழுவல் உறுதியானது என்று அழுத்தினேன்.

உங்கள் நிபுணர் இதற்குள் உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார். பட்டை நழுவினால் அலை கண்டபடி கிறுக்கும், திரை ஓரத்துப் பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரியும். அன்று புள்ளி அசையாமல் எரிந்தது. அலை அகலமாக, வேகமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதல் வருட மாணவர்களுக்கு நான் பாடத்தில் காட்டும் படம்கூட அவ்வளவு தெளிவாக இருக்காது. நிபுணர் சொன்னது சரி. எனக்கும் தெரிந்தது. போன் செய்வதற்கு முன்பே தெரிந்தது.

அதன்பின் நான் இருக்கையில் இல்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய். எழுந்திருக்கவே இல்லை. நான்கு நிமிடத்தில் இரண்டாவது கட்டம் வந்தது. மறுபடியும் நழுவல் உறுதியானது என்றே அழுத்தினேன். சற்று நேரத்தில் அலை சிறுத்து, நடுங்கி, நேர்கோடானது. பச்சைப் புள்ளி அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. கணினி வழக்கம்போல என்னிடம் கேட்டது. பட்டை கழன்றுவிட்டது என்று அழுத்தினேன்.

கழன்றதையும் போனில் உறுதி செய்ய வேண்டும். கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். மொத்தம் மூன்று முறை, நீங்கள் போன் கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம். அவள் மட்டும் எடுத்திருந்தால் நானே வண்டி அனுப்பியிருப்பேன். நான் சொன்னதில் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.