பெரிய கமராவும் மாமியும்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில், கலியாணப் படம் எடுப்பவர் ஒருவர் தன் புதுப் பெரிய டிஜிட்டல் கமராவைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"நேத்தைக் கலியாணத்திலை, இதுக்குக் கண் தெரியாதெண்டு பொம்பிளையின்ரை மாமி சொல்லிப்போட்டா, அண்ணை," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

"ஏனாம்?"

"சின்னக் கமராவெண்டால் எடுக்க முதலே பின்பக்கத்து ஸ்கிரீனிலை ஆக்கள் தெரிவினம். இதிலை நான் மேலை இருக்கிற ஓட்டைக்குள்ளாலைதான் பாக்கிறது; ஸ்கிரீனிலை எடுத்தாப்பிறகுதான் தெரியும். அதுவரைக்கும் கறுப்பு. மாமி நம்பேல்லை. பழைய சின்னனை அவவின்ரை கையிலை குடுத்தன். அவ அதிலை பாத்து, 'இப்ப அமத்து தம்பி' எண்டுவா. நான் இதிலை பட்டனை அமத்துவன்."

"நல்லதுதானே?"

"தாலி கட்டேக்கை வடிவாத் தெரியேல்லையெண்டு அவ முன்னுக்கு வந்திட்டா. என்ரை படத்திலை தாலியில்லை. மாமியின்ரை முதுகுதான்."

"அப்ப அவ எடுத்த படத்தைக் குடுமன்."

"அவ எங்கை எடுத்தவ? பாத்தவ மட்டும்."