கண்மூடி சாருக்கு எப்படித் தெரிந்தது

அந்த ஆளோட அட்ரஸ் எங்கிட்ட இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா இப்பத் தர மாட்டேன். முதல்ல உக்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. ஒலிப்பதிவு ரூமு, சத்தம் வெளிய போகாது. அழணும்னா தாராளமா அழலாம்.

போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தது நாங்க நாலு பேரு. டைரக்டர், கேமராக்காரர், சவுண்டுக்கு நான், அப்புறம் கண்மூடி சார். எங்களுக்குள்ள அப்படித்தான் பேரு வெச்சிருந்தோம். காணாமப் போனவங்க துணியைத் தொட்டா, அவங்க எங்க இருக்காங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவாராம். அந்தச் சக்தியைப் பத்தித்தான் டாக்குமென்டரி. அதுக்கு முன்னாடி மூணு வீடு எடுத்தோம், மூணும் சொதப்பல். ஒரு பையன் தண்ணிக்கடியில கிடக்கான்னு சொன்னாரு. அவன் என்னடான்னா பக்கத்து ஊர்ல லாரி ஓட்டிக்கிட்டு இருந்தான். இன்னொண்ணு சொதப்பினா படமே கிடையாதுன்னுட்டாரு டைரக்டர். நாலாவது உங்க வீடு.

உங்கப்பாவைப் பாத்ததுமே எனக்குப் பிடிக்கல. பொண்ணைக் காணோமேங்கிற கவலையைவிட, தப்பிச்சுப் போயிட்டாளேங்கிற ஆத்திரந்தான் அந்த மூஞ்சியில. இந்தக் கை இன்னும் சரியா மடங்கலியா? அவரு ஒடைச்சதுதானே.

சாயங்காலம் எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சோம். கண்மூடி சார் உன் ஷாலை மடியில வெச்சுக்கிட்டு, இவ எங்கன்னு தெரிஞ்ச ஆளு இந்த ரூம்லயே இருக்காரு, கதவுப் பக்கம், நீலச் சட்டைன்னாரு. நீலச் சட்டை உங்க சித்தப்பாதான்.

உங்கண்ணன்தான் முதல்ல பாஞ்சான். முடியைப் பிடிச்சு இழுத்துத் தரையில போட்டான். உங்கப்பா, சொந்தத் தம்பியாச்சேன்னுகூடப் பாக்கல, மர ஸ்டூலைத் தூக்கி முதுகுல போட்டாரு. எங்கடா அவ, எங்கடா அவன்னு அடிக்கு ஒரு கேள்வி. பல்லு ஒண்ணு தெறிச்சு என் ஷூகிட்ட வந்து விழுந்துச்சு. ஸ்டூல் ஒடைஞ்சதும் அதோட காலையே கையில எடுத்துக்கிட்டாங்க. டைரக்டர் கட் சொல்லல. கேமராக்காரர் இன்னும் கிட்டப் போய் எடுத்தாரு.

நானா? நின்னேன். ஹெட்போனைக்கூடக் கழட்டல. சித்தப்பா சட்டையில மைக் மாட்டியிருந்தேன்ல, மத்தவங்க கண்ணால பாத்ததை நான் அவரு நெஞ்சுக்குப் பக்கத்துல இருந்து கேட்டேன். விலா எலும்பு ஒடையற சத்தம் சினிமாவுல வர்ற மாதிரி இருக்காதும்மா. ஈரமா இருக்கும். கடைசி வரைக்கும் அவரு சொன்னது ஒரே வார்த்தைதான். தெரியாது. பேச்சு நின்ன பிறகும் அவங்க நிறுத்தல.

உங்கப்பாவும் அண்ணனும் இப்ப கொலைக் கேஸ்ல ஜெயில்ல. கண்மூடி சாருக்கு இப்பத்தான் மவுசே. சித்தப்பா போன்ல போலீஸ் உன் நம்பரைக் கண்டுபிடிச்சதும், சொன்னது பலிச்சிடுச்சுல்ல.

புரியுதும்மா. சித்தப்பா உன்னை பஸ் ஏத்திவிட்டது அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நீயும் வாயைத் திறக்கல, அவரும் திறக்கல. அப்ப அந்த ஆளுக்கு நிஜமாவே சக்தி இருக்குன்னு நம்பிட்ட. அவரு மூலமா சித்தப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்ங்கற. வேண்டாம்மா. அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அன்னிக்குக் காலையில சித்தப்பாவைப் பேட்டி எடுத்தோம். முடிஞ்சதும் மைக்கைக் கழட்டறது என் வேலை. கழட்டல. அவரும் மறந்துட்டாரு. அதோடயே பின்பக்கம் போயி உனக்கு போன் பண்ணாரு. சாப்டியாம்மான்னு கேட்டாரு. கை வலி குறைஞ்சுதான்னு கேட்டாரு. எங்க தொழில்ல இது சகஜம்தான், மைக்கோட பாத்ரூம் போறவங்களைக்கூடக் கேட்டுச் சிரிப்போம். அன்னிக்கு நான் சிரிச்சதோட விடல. நேரா டைரக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு கண்மூடி சார் காதுல போட்டாரு.

ஏன் சொன்னேனா? சொன்னா டைரக்டர் சந்தோஷப்படுவாருன்னுதான். சந்தோஷப்பட்டாரு. பன்னெண்டு வருஷமா அவருகூட வேலை பாக்குறேன், அன்னிக்குத்தான் முதல் தடவையா தோள்ல கை போட்டு, பக்கத்துல உக்கார வெச்சு, அவரே டீ வாங்கிக் குடுத்தாரு.