டேப் தட்டினால் மீதி வரும்

இன்ஸ்பெக்டர் ஐயா, யாராவது ஓர் எழுத்து கூடுதலாகத் தட்டினால் எனக்குப் பொறுக்காது. என் மனைவி இன்பம் 'வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க' என்று போனில் முழுதாக எழுதுவாள். 'தேங்' போதுமே என்பேன். பதினோரு வருஷமாகச் சொல்லியும் பலனில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். முதலாளி காசிராஜன் சிக்கனக்காரர். அதனால் திரையில் படமும் பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். ஆனால் அந்தத் திரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பாதி தட்டி, கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் டேப் பட்டனை அழுத்தினால் மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். எதை எழுதவேண்டும் என்று நாம் சொல்லிவைக்கலாம். நோகாமல் நுங்கு தின்கிற வேலை.

பியூலாவுக்குச் சோதனை அறையில் வேலை. நீராவியில் வெந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டை இருக்கும். பட்டை கறுத்திருந்தால் கிருமி செத்தது, பாஸ். வெளுத்தே இருந்தால் ஃபெயில். அவள் திரையில் பதிவதை வைத்து அடுத்த அறையில் லேபிள் அச்சாகும். வினோத் அதை ஒட்டி வேனில் ஏற்றுவான்.

நான் டேப் வசதி செய்து கொடுத்தபோது அவள் முதலாளி முன்னால் வைத்தே சொன்னாள்: "இதெல்லாம் வெளையாட்டுச் சாமாண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போற துணி. நா முழுசாத் தட்டி, கண்ணால பாத்துட்டுத்தான் எண்டர் அடிப்பேன்."

"ஏலே பெனின், கேட்டுக்கிட்டியா?" என்று முதலாளி சிரித்தார். எனக்கு வருத்தமே இல்லை. அன்று மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை என்பது ஏதோ ஞாபகத்தில் நிற்கிறது.

அவளுக்காகப் பொறுமையாக உழைத்தேன். நீளமான கட்டளையை மூன்று எழுத்தாக்கினேன். பெட்டி எண் தானே வந்தது. கடைசியில் 'பி' தட்டி டேப் என்றால் பாஸ், 'எஃப்' தட்டி டேப் என்றால் ஃபெயில். "கை வலியே போச்சுண்ணே" என்று ஒருநாள் முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறாம் மாதம் அவள் விரல் எண்டரைத் தொடும்போது கண் அடுத்த பெட்டிக்குப் போயிருந்தது. ஒரு நாள் முழுக்க பாஸ் என்பதைப் பெரிய எழுத்தில் வரவைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பெட்டி. அவள் கவனிக்கவே இல்லை.

அதன்பிறகுதான், 'எஃப்' தட்டி டேப் அழுத்தினாலும் பாஸ் என்றே வரும்படி மாற்றினேன். கண்ணால் பார்க்கிறவளுக்கு அதில் ஆபத்தில்லை. திரையில் அது பளிச்சென்று நிற்கும்.

ஒன்பது நாள் வெளுத்த பட்டை ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் காலை ஒரு பெட்டியின் பட்டை வெளுத்திருந்தது. மூன்றடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. அவள் பட்டையை நோட்டில் ஒட்டினாள். எஃப், டேப், எண்டர். அடுத்த பெட்டியை இழுத்தாள்.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவதாகத்தான் இருந்தேன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் வேன் போய்விட்டது. போனபிறகு சொன்னால் பியூலா பேர் கெட்டுப்போகும். அந்தப் பிள்ளை மனசு நோகக்கூடாதென்று டேப்பைப் பழையபடி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். தேங்காய் வாங்க மறந்துபோயிற்று.

கூமாப்பட்டிப் பொன்மணிக்குத் தலைப்பிரசவம், ஆபரேஷன். வயிற்றில் வைத்துக் கட்டியது அந்தப் பெட்டித் துணி. எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள். குழந்தை நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

நோட்டில் வெளுத்த பட்டை, திரையில் பாஸ். நீங்கள் பியூலாவை ஜீப்பில் ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நா எஃப்புதாண்ணே தட்டுனேன். ஏங் கை எனக்குத் தெரியாதா? நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"பதிவுல பாஸுன்னுதாம்மா இருக்கு" என்றேன். அதில் பொய் இல்லை. அவளும் நானும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக ஜெபம் வைக்கச் சொன்னதும் நான்தான்.

நேற்று உங்கள் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தீர்கள். 'கம்ப்யூட்டரில் மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் ஐயா மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மாற்றம் இருந்தது. பன்னிரண்டு வரி, ஒரு பிழை இல்லாமல் நான் எழுதினேன். பியூலா சொல்வது உண்மை. அவள் எஃப்தான் தட்டினாள். பாஸ் என்று எழுதியது நான். ஆனால் எண்டர் தட்டியது நானில்லையே.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மதியத்துக்குள் விட்டால் நல்லது. பியூலா இடத்துக்கு ஜெமி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், நல்ல சூட்டிகை. திரையைப் பார்ப்பதை நிறுத்த பியூலாவுக்கு ஆறு மாதம் பிடித்தது. ஜெமி நாலே நாளில் நிறுத்திவிட்டாள்.