ஒரே அலைவரிசையில் ரெண்டு சகலை

போட்டோக்காரரே, மணமக்களை ஒரு நிமிஷம் எனக்குக் கொடுங்க... அவங்ககிட்ட ஒரு சின்னக் கதை சொல்லிட்டு இறங்கிக்கறேன்.

எங்க ஊர்ப்பக்கம் கந்தவேல்னு ஒருத்தர், நாச்சிமுத்துன்னு ஒருத்தர். சகலைங்க. அக்காவைக் கட்டினவர் கந்தவேல், தங்கச்சியைக் கட்டினவர் நாச்சிமுத்து. ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. என்ன கிறுக்கு? சீட்டாட்டமா? இல்லைங்க... ரிமோட்டுல பறக்கற சண்டை விமானம்! மெல்லிசான மரத்துல கூடு கட்டி, மேல பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பொண்டாட்டியோட இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்ப்பாங்க. சூட்டுல தாள் இழுத்துக்கிட்டு மத்தளம் மாதிரி விறைக்கும். போட்டிருக்கற சட்டை கசங்கியிருக்கும்... விமானத்துல ஒரு மடிப்பு இருக்காது!

ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கின பழைய ரிமோட். ரெண்டுக்கும் ஒரே அலைவரிசை. ஒருத்தர் ஓட்டறப்ப இன்னொருத்தர் ஆன் பண்ணக் கூடாது; பண்ணினா, பறக்கறது ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக் குழம்பிரும். அதனால, "அண்ணா, நான் போடறேனுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போடுவாங்க.

ஒருநாள் நாச்சிமுத்து தன்னோட புது விமானத்தை ஆசையா காட்டினார். கந்தவேல் இறக்கையைத் தடவிப் பார்த்துட்டு, "ஏந்தம்பி... சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே இதுக்கு வயசாயிருச்சே! இத்தனை சுருக்கம்?"ன்னார்.

அவ்வளவுதான்! பேச்சு நின்னுபோச்சு. பொங்கல் போச்சு... சித்திரை போச்சு... "உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு", "உன் தங்கச்சி புருஷன்கிட்டச் சொல்லு"... பாவம், அக்காளும் தங்கச்சியும் தபால்காரங்க ஆயிட்டாங்க!

ஒரு ஞாயித்துக்கிழமை. கந்தவேல் மாசக்கணக்கா உழைச்ச விமானம் மைதானத்து மேல நல்ல உசரத்துல பறக்குது. அந்தக் கோடியில ஒரு வேன் மறைவுல நாச்சிமுத்து தன் விமானத்தைச் சரிபார்க்கணும். மேல ஒண்ணு பறக்கறது அவருக்குத் தெரியாது. சொல்லிட்டுப் போடுவாரா? வீம்பு விடுமா? சத்தமில்லாம ரிமோட்டை ஆன் பண்ணார்.

மேல இருந்தது மல்லாந்துருச்சு!

கந்தவேல் வலப்பக்கம் திருப்பறார்... அது இடப்பக்கம் போகுது. "போச்சு! போச்சு!"ன்னு ரிமோட்டைக் கீழ போட்டுட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டார். நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். தன் விரல் அசையறப்ப அது அசையுது... படக்குனு ஆஃப் பண்ணார்.

வாயை மூடிக்கிட்டு நின்னா யாருக்குத் தெரியும்? பழி காத்து மேல போயிரும். ஆனா மனசு கேட்கலைங்க. வேட்டி அவிழ அவிழ ஓடி வர்றார்: "அண்ணா! என்னாலதானுங்க! ஆஃப் பண்ணிட்டேன்! ரிமோட்டை எடுத்து இழுங்க!"

கந்தவேல் விமானத்தைப் பார்த்தாரா? ம்ஹூம்! நாச்சிமுத்துவையே பார்க்கறார். "தம்பி... பேசிட்டீங்களா!"

பக்கத்துல நின்ன கந்தவேல் சம்சாரம் கத்தினாங்க: "கொஞ்சறதெல்லாம் அப்புறம்! மேல பாருங்க!"

எடுத்தார்... இழுத்தார்... தரைக்கு ஒரு முழம் இருக்கறப்ப விமானம் மூக்கைத் தூக்கி, பக்கத்துச் சோளக்காட்டுல போய்ச் சொருகிச்சு. தாள் கிழிஞ்சுது, கூடு தப்பிச்சுது.

அன்னிக்குச் சாயங்காலம் ஒரே இறக்கைக்கு ரெண்டு பேரும் உக்காந்து தேய்க்கறாங்க. விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசறாங்க... பேசறாங்க... அக்கா தங்கச்சிகிட்டச் சொன்னாங்களாம்: "இதுக்கு அந்தத் தபால் வேலையே தேவலைடி!"

மாப்பிள்ளை... அம்மாடி... சண்டை போடாதீங்கன்னு நான் சொல்லலை. அது நடக்கற காரியமா? முன்வரிசையில இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க! போடுங்க, நல்லாப் போடுங்க. பேச்சை மட்டும் நிறுத்தாதீங்க. ஒரே வீட்டுல ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியலைன்னா, ரெண்டு நல்லவங்களே சேர்ந்து ஒரு நல்ல குடும்பத்தைக் கவுத்துருவாங்க. கோவமா? "கோவமா இருக்கேன்"னு சொல்லிருங்க. யார் முதல்ல பேசறதுன்னு மட்டும் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க...

யாராவது ஒருத்தர் கத்திருங்க!