ஊறட்டும் என்று சொன்னேன்

உங்கள் ஜீப்பின் முகப்பில் ஈசல் ஒட்டிக் காய்ந்திருக்கிறது சார். ஸ்டேஷனுக்குள் கூட்டி வரும்போதே பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வேறு பேச்சே ஓடாது. வெயில் ஏறுவதற்குள் யாரையாவது ஒரு துணியை நன்றாக நனைத்து அதன்மேல் போடச் சொல்லுங்கள். பூச்சியின் வயிற்றில் இருக்கிற சாறு வெயில் பட்டால் பெயிண்டின் மேல்பூச்சைத் தின்றுவிடும். காய்ந்ததைத் தேய்த்தாலோ றெக்கையும் தூசியும் சேர்ந்து கோடு கோடாகக் கிழித்துவிடும். நனைத்து, ஊறவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு வண்டிக் கம்பெனியில், பெயிண்ட் அடிக்கிற பெயிண்ட் ஷாப் பிரிவில் இன்ஸ்பெக்டர். விளக்குகளுக்குக் கீழே நின்று, வருகிற வண்டிக் கதவுகளில் எல்லாம் குறை தேடுவதுதான் வேலை. பல வருடமாக அதையே செய்ததில் கண் கெட்டுவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பீரோவில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இப்போதுகூட உங்கள் மேஜையின் ஓரத்தில் பாலிஷ் உரிந்திருப்பது என்னை இருக்கவிடவில்லை. கையை எடுத்துவிடுகிறேன், மன்னிக்கவும்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இங்கே வேலைக்கு வந்த இடத்தில் சுகுணாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். அவள் அப்பா நாராயணப்பனுக்குக் கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் நிலம், தக்காளித் தோட்டம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வேற்று ஊர்க்காரன், வேற்று பாஷைக்காரன் என்று அவர் என்னை ஒருநாளும் நினைத்ததில்லை. மாப்பிள்ளை என்றால் அவருக்குச் சாமி மாதிரி. நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்றுவிடுவார். என் முன்னால் பீடியைக்கூடப் பற்றவைக்க மாட்டார். அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மாட்டுப் பொங்கலன்று நடந்ததைச் சுகுணா உங்களிடம் சொல்லியிருப்பாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். மாமனார் மாடுகளைக் குளிப்பாட்டிய கையோடு, அதே தேங்காய் நாரால் என் காரையும் தேய்த்துவிட்டார். வரும் வழியில் பூச்சி அடித்திருந்ததாம், மாப்பிள்ளை வண்டி அழுக்காக நிற்கலாமா என்று நினைத்திருக்கிறார். நான் எழுந்து வந்தபோது பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க மாப்ள, கண்ணாடியாட்டம் ஆக்கிட்டனுங்க."

"ரொம்ப நல்லாருக்கு மாமா," என்றேன்.

என் கார் கருநீலம். சின்னக் கோடு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கிற நிறம். பாலிஷ் போட்டுப் பார்த்தேன், மேலாக இருந்தவை போயின, ஆழமாக விழுந்தவை போகவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது வெயில் சாய்வாக விழுமே, அப்போது எல்லாம் தெரியும். வேலையில் ஒரு கதவில் இப்படி இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். இதை எங்கே அனுப்புவது? அதற்காகக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் இருந்திருந்தால் அன்றைக்கே சத்தம் போட்டிருப்பேன்.

முந்தாநாள் சாயங்காலம் சுகுணா ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. தோட்டத்தில் காலை வைத்த மாமனாரை நாகம் கொத்திவிட்டது என்று அத்தை சென்னம்மாள் ஓடிவந்தார்.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க மாப்ள," என்று அழுதார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாமே ஓசூருக்குப் போய்விடலாம், கார்தான் நிற்கிறதே என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அத்தையும் ஏறப் பார்த்தார். மாட்டைக் கட்டி வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வாருங்கள் என்றேன். அதிலும் வேறு எண்ணம் எதுவும் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

காலில் துணியைக் கட்டிக்கொண்டு வந்த மாமனார் கதவருகே நின்றுவிட்டார். "சேறாயிடுங்க மாப்ள, ஒரு சாக்கு போட்டுக்கலாங்களா?" என்று அவராகத்தான் கேட்டார். உரச்சாக்கை விரித்துப் பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

அணையைத் தாண்டும்போது ஈசல் கிளம்பிவிட்டது. நீங்களும் நேற்று அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறீர்கள், உங்கள் ஜீப்பைப் பார்த்தாலே தெரிகிறது. கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. வைப்பரைப் போட்டால் பசை மாதிரி இழுபட்டது. ரோடு தெரியவில்லை, ஓரமாக நிறுத்தினேன். யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது.

அப்புறம் பானெட்டைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பானெட் இன்ஜின் சூட்டில் இருக்கும். வெயிலே வேண்டாம், அந்தச் சூட்டிலேயே பூச்சி வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் மறுநாள் எடுக்க முடியாது. டிக்கியில் இருந்த துணிகளை எல்லாம் நனைத்து விரித்தேன். பாட்டிலில் இருந்த தண்ணீர் அதற்குச் சரியாக இருந்தது.

"மாப்ள, போலாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் மாமா. ஊறட்டும்."

"செரிங்க," என்றார்.

அந்த இடத்தில் அவருடைய சொந்த மகன் நின்றிருந்தால் தாயைச் சேர்த்துத் திட்டியிருப்பார். மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தக் கூடாதென்று வளர்ந்தவர், பெண்ணைக் கொடுத்த இடத்தில் அவசரப்படுத்தத் தெரியாது. அந்த மரியாதை இல்லாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

கொஞ்சம் கழித்து, "கண்ணு இருட்டுதுங்க மாப்ள," என்றார். இதோ ஆச்சு என்றேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "ஏனாயித்து சார்?" என்று கேட்டார். "ஏனூ இல்ல," என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்குத்தான் எனக்குக் கன்னடம் வரும். அவர் போய்விட்டார். பிறகு மாமனாருக்கு நாக்கு குழறியது, தெலுங்கில் ஏதோ சொன்னார். நீள்ளு என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் மாமா என்றேன்.

அவர் எதுவும் கேட்காமல் ஆனபிறகு துணிகளை எடுத்தேன். பம்பர், சைடு கண்ணாடிகளின் முதுகு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்தேன். சைடு கண்ணாடியின் முதுகைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிறகு வேகமாகத்தான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். சுகுணா கம்பெனியிலிருந்து தோழியின் ஸ்கூட்டரில் வந்தாள், அவள் தலைமுடி முழுக்க ஈசல் றெக்கை. உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றாள். வாசலில் நின்ற ஒவ்வொரு வண்டியும் பூச்சி அப்பிக் கிடந்தது. எங்கள் கார் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நின்றது. அவள் பானெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கங்க நின்னீங்க?"

"கண்ணாடி தெரியல. அதான்."

"கண்ணாடி தெரியலன்னா கண்ணாடியத் தொடச்சிட்டு வரணும். நெம்பர் பிளேட்ட எதுக்குங்க தொடச்சீங்க?"

பெயிண்ட் ஷாப்பில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், அவளுக்கும் அந்தக் கண் உண்டு. அவள் அழவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அதோ பாருங்கள், உங்கள் ஆள் காய்ந்த துணியோடு ஜீப்பிடம் போகிறார். தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் சார், என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

ஐந்து நிமிடம் போதும் என்று முதலிலேயே சொன்னேன், நீங்கள் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. போலாங்களா என்று மாமனார் கேட்டாரே, அதற்குக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நன்றாக ஊறியிருந்தது, ஈசல் எல்லாம் துணியோடு வந்துவிட்டது. அடியில் மாட்டுப் பொங்கல் கோடுகள் அப்படியே இருந்தன. கண்ணு இருட்டுதுங்க என்று அப்போதுதான் சொன்னார். நான் துணியைத் திரும்பவும் அதன்மேல் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தேன்.